இன்னொசென்ஸ்: பட்டோவின் படத்தில் பட்டோவைப் பேசவிடாமல் செய்துவிட்டார்களே!

கருவிழி:

கதையை முழுக்க உடைத்துத்தான் பேசப்போகிறேன். 'கோஸ்ட் இன் த ஷெல் 2: இன்னொசென்ஸ்' என்ற ஜப்பானிய அனிமே படத்தைப் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

1995இல் வந்த முதல் படம் எனக்கு உயிர். கடைசியில், உடம்பு முழுக்க இயந்திரமான போலீஸ் அதிகாரி மேஜர் குசனாகி ஒரு சிறுமியின் உடலில் கண் விழிக்கிறாள். இனி பழைய மேஜரும் இல்லை, வலைக்குள் தானாக உருவான அறிவான பப்பெட் மாஸ்டரும் இல்லை, இரண்டும் கலந்த வேறொன்று. கிளம்பும்போது கூட வேலை பார்த்த பட்டோவிடம் 2501 என்ற எண்ணைச் சொல்லி, என்றாவது மறுபடி சந்தித்தால் இதுதான் நமக்குள் அடையாளம் என்று சொல்லிவிட்டுப் போகிறாள். போனவளுக்கு ஒரு பெரிய வலையுலகமே காத்திருக்கிறது. இருக்கிறவனுக்கு என்ன இருக்கிறது? இந்தக் கேள்வி அந்தப் படத்தில் கேட்கப்படவே இல்லை. ஆனால் பட்டோவின் மூஞ்சியில் அது இருந்தது.

அதனால் 2004இல் வந்த அடுத்த படத்துக்குப் பட்டோதான் நாயகன் என்று தெரிந்தபோது, இயக்குநர் மமோரு ஒஷீ சரியான கதவைத் திறந்திருக்கிறார் என்று தோன்றியது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். மேஜரை மறுபடி அவர்களுடைய போலீஸ் பிரிவான பிரிவு ஒன்பதுக்குக் கூட்டிவந்து இன்னொரு வழக்கைக் கொடுத்திருந்தால் முதல் படத்தின் முடிவுக்கே அர்த்தம் இல்லாமல் போயிருக்கும். அந்தத் தைரியத்துக்கு முழு மதிப்பெண்.

தொடக்கமும் அசத்தல்தான். இருட்டுச் சந்து, செத்துக் கிடக்கும் போலீஸ்காரர்கள், மூலையில் ஒரு பொம்மைப் பெண். முதலாளிகளைக் கொன்றுவிட்டுத் தன்னையும் அழித்துக்கொள்ளும் கைனாய்டுகளில், அதாவது பெண் உருவ ரோபோக்களில், ஒன்று. 'காப்பாற்று' என்று முனகிக்கொண்டே தன் நெஞ்சைத் தானே பிய்த்துத் திறக்கிறது. பட்டோ சுட்டுவிடுகிறான். ஒரு இயந்திரம் எதற்காக உதவி கேட்க வேண்டும்? முழுப் படத்தையும் இழுத்துப்போக இந்த ஒரு கேள்வி போதும்.

அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. வாயைத் திறந்தால் மேற்கோள். மில்டன், கன்பூசியஸ், தெகார்த், விவிலியத்தின் சங்கீதம். எத்தொரோஃபுத் தீவின் மேலே விமானத்தில் போகும்போது தொகுசா ஒரு வரி சொல்கிறான், அது எங்கிருந்து வந்தது என்று பட்டோ சொல்கிறான். கிம்மின் மாளிகைக்குப் போனால் அங்கே கிம் பிரசங்கமே வைக்கிறான். பிணவறையில் ஹாரவே சிகரெட்டைப் புகைத்துக்கொண்டு பேசுகிறாள். ஒவ்வொன்றையும் தனியாக எடுத்தால் நல்ல சிந்தனைதான். ஆனால் எல்லாரும் ஒரே குரலில் பேசுகிறார்கள். பிணவறை நிபுணர், கூலிக்கு வேலை செய்யும் ஹேக்கர், குடும்பஸ்தனான போலீஸ்காரன் என்று யார் பேசினாலும் எனக்குக் கேட்பது ஒஷீயின் குரல்தான்.

இதே படத்தில்தான் பட்டோ வீட்டுக்கு வரும் காட்சி இருக்கிறது. பாசெட் ஹவுண்ட் நாய் வாசலுக்கு ஓடி வருகிறது, காது இரண்டும் அப்படியும் இப்படியும் அடித்துக்கொள்கிறது. அவன் அதற்குச் சாப்பாடு தயார்செய்து வைக்கிறான், பியரைத் திறந்துகொண்டு உட்கார்கிறான். வசனம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. இமையில்லாத அந்தச் செயற்கைக் கண்களில் எந்த உணர்ச்சியும் வராது, வரவும் முடியாது. ஆனால் அவன் எவ்வளவு தனியாக இருக்கிறான் என்று அந்தச் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைக்கும் விதத்திலேயே தெரிந்துவிடுகிறது. இப்படி ஒரு காட்சியை எடுக்கத் தெரிந்தவருக்கு எதற்கு இத்தனை மேற்கோள்? அதுதான் என் ஆதங்கம்.

படம் பிடிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். பாதிப் படத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடுவேன். மீதிப் பாதியில் கோபம் வருகிறது. உங்களுக்கெல்லாம் எப்படி இருந்தது?

தொகுசா_விசிறி:

கருவிழி, நாய்க் காட்சியைப் பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டாம். ஆனால் மேற்கோள் விஷயத்தில் நான் எதிர்க்கட்சி.

இந்த உலகத்தில் யார் வேண்டுமானாலும் மூளையை வலையில் இணைத்துக்கொண்டு எந்த நூலையும் அந்த நொடியில் எடுத்துச் சொல்லலாம். நினைவு என்பது வெளியிலிருந்து எடுத்துக்கொள்ளும் பொருளாகிவிட்டது. அப்படிப்பட்டவர்கள் தங்கள் மனசிலிருப்பதைச் சொல்லத் தங்கள் சொந்தச் சொல்லைத் தேடுவார்களா, அல்லது ஏற்கெனவே யாரோ சொல்லிவைத்ததை எடுத்து நீட்டுவார்களா? அவர்கள் எல்லாரும் ஒரே குரலில் பேசுவது எனக்குக் குறையாகப் படவில்லை. அந்தச் சமூகத்தின் நோய் அது. மனிதர்களே பொம்மை மாதிரி மற்றவர் சொல்லைப் பேசுகிறார்கள், பொம்மைதான் 'காப்பாற்று' என்று சொந்தமாகக் கேட்கிறது. நீங்கள் எழுதிய தொடக்கக் காட்சியையே இப்படிப் பாருங்களேன்.

காட்டில் தனியாக நடக்கும் யானையைப் பற்றிப் பௌத்த நூலான தம்மபதத்தின் வரி ஒன்று வருகிறதே, அது அப்படியே பட்டோதான். அதைவிடக் குறைவான சொற்களில் அவனை எப்படிச் சொல்வது?

ஓவியக்காரன்:

என் புகார் வேறு இடத்தில். வசனத்தை நான் மன்னித்துவிட்டேன், படத்தின் தோற்றத்தைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

முதல் படத்தில் நகரம் ஹாங்காங்கைப் பார்த்து வரைந்தது. ஈரச் சுவர், துருப்பிடித்த பெயர்ப்பலகை, கால்வாய்த் தண்ணீர் எல்லாம் கையால் தீட்டிய பின்னணிகள். மேஜர் படகில் போகும்போது கண்ணாடிக்குப் பின்னால் தன் முகத்தையே கொண்ட இன்னொரு பெண்ணைப் பார்க்கும் இடம் இருக்கிறதல்லவா? அந்த ஊரும் அவளும் ஒரே தூரிகையில் வந்தவர்கள். அதனால்தான் அந்தக் காட்சி மனசில் போய் ஒட்டிக்கொள்கிறது.

இன்னொசென்ஸில் பின்னணி நிறைய முப்பரிமாணக் கணினி வரைகலை, ஆட்கள் கை ஓவியம். பட்டோ நாய்த்தீனி வாங்கப் போகும் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். அலமாரி அலமாரியாக டப்பாக்கள், ஒவ்வொன்றுக்கும் லேபிள், மேலிருந்து விழும் விளக்கு வெளிச்சம். உழைப்பைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. ஆனால் அதற்குள் பட்டோ நடந்து வரும்போது வேறு படத்திலிருந்து வெட்டி ஒட்டியது போல் நிற்கிறான். கேமரா நகர்ந்தால் இன்னும் பளிச்சென்று தெரிகிறது. பாத்திரங்களை வடிவமைத்தவர் ஹிரோயுகி ஒகியூரா. முதல் படத்திலும் அவர்தான். அவர் கோட்டில் எந்தக் குறையும் இல்லை, அந்தக் கோடு நிற்கிற தரைதான் அதோடு சேரவில்லை.

இதைவிடப் பெரிய வருத்தம் 2008இல் வந்தது. முதல் படத்தையே 2.0 என்று மறுபடி வெளியிட்டு, மேஜர் கட்டடத்திலிருந்து குதிக்கும் காட்சியையெல்லாம் கணினி வரைகலையாக மாற்றினார்கள். பச்சை நிறத்தை இன்னொசென்ஸுக்குப் பொருந்துகிற மாதிரி ஆரஞ்சாக்கினார்கள். பின்னால் வந்த படத்தின் நிறத்தைக் கொண்டுபோய் முன்னால் வந்த படத்தின் மேல் பூசுவது என்ன நியாயம்? நல்ல வேளை, பழைய பதிப்பு இன்னும் கிடைக்கிறது.

மழைச்சத்தம்:

ஓவியக்காரன் அண்ணா, கடைக் காட்சியில் அந்த ஒட்டாமை எனக்குச் சரியாகவே பட்டது. அடுத்த நிமிடமே பட்டோவின் மூளைக்குள் யாரோ புகுந்துவிடுகிறார்கள், இல்லாத எதிரியைச் சுடுவதாக நினைத்துத் தன் கையையே சுட்டுக்கொள்கிறான். அந்த இடத்தில் அவன் கண்ணை நம்ப முடியாது, நம் கண்ணையும் நம்ப முடியாது. மேஜரின் குரல் வந்து எச்சரிக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அட்சுகோ தனாகாவின் குரல் அது. 2024இல் அவர் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்த அன்று இந்தக் காட்சியைத்தான் போட்டுக் கேட்டேன்.

அந்த ஊர்வலத்தைப் பற்றி யாரும் எழுதவில்லையே? கட்டடங்களுக்கு நடுவே மாபெரும் தேர்கள், தெய்வ உருவங்கள், முகமூடிகள், எரியும் பொம்மைகள், அதற்கு மேலே இசையமைப்பாளர் கெஞ்ஜி கவாயின் கூட்டுக்குரல். முதல் படத்தில் பழைய ஜப்பானிய மொழியில் ஒரு திருமணப் பாட்டை எழுதிச் சேர்த்தவர் அவர்தான். மேஜரும் பப்பெட் மாஸ்டரும் சேர்வதற்கு அது பொருத்தம். இதில் அதே குரல் இன்னும் பெரிய கூட்டமாக, இன்னும் இருட்டாகப் பொம்மைகளுக்காகப் பாடுகிறது. கதை அந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்று சிலர் திட்டுவார்கள். நிற்கட்டுமே! முதல் படத்தில் கால்வாய்க் காட்சியிலும் கதை நின்றது, அதற்காகத்தானே அந்தப் படத்தை இத்தனை வருடமாகக் கொண்டாடுகிறோம்.

பதினோராம்_சந்து:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் முதல் படம் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். கதை உடைந்தாலும் பரவாயில்லை என்று எல்லாவற்றையும் படித்துவிட்டேன். இதை உடனே பார்க்கலாமா, நடுவில் தொடரையும் பார்க்க வேண்டுமா?

கருவிழி:

பதினோராம்_சந்து, தொடர் தேவையில்லை. 2002இல் தொடங்கிய 'ஸ்டாண்ட் அலோன் காம்ப்ளெக்ஸ்' கெஞ்ஜி கமியாமா இயக்கியது, அதன் கதை தனி. அதில் மேஜர் பப்பெட் மாஸ்டரோடு கலந்து போகவே இல்லை. அதைப் பார்த்துவிட்டு இதற்கு வந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

தொகுசா_விசிறி, உங்கள் வாதம் நன்றாக இருக்கிறது. ஆனால் அதை ஏற்க முடியாததற்குக் காரணம் இருக்கிறது. ஒரு சமூகம் சொந்தச் சொல்லை இழந்துவிட்டது என்று காட்ட வேண்டுமானால், சொந்தச் சொல் வைத்திருக்கும் ஒருவன் நடுவில் வேண்டும். அந்த இடத்துக்கு நீங்கள் விசிறியாக இருக்கும் தொகுசாவே இருக்கிறான். உடம்பில் மாற்றம் மிகக் குறைவான ஆள், மனைவியும் மகளும் உள்ளவன், வீட்டுக்குப் போக வேண்டும் என்று நினைப்பவன். முதல் படத்தில் மேஜர் அவனை எதற்காகக் குழுவில் எடுத்தாள்? எல்லாரும் ஒரே மாதிரி இருந்தால் குழு பலவீனமாகிவிடும் என்றுதானே! அவனையும் இந்தப் படம் மேற்கோள் சொல்லவைத்துவிட்டது. அப்புறம் யாரை வைத்து வித்தியாசத்தைப் பார்ப்பது?

இன்னொன்று, நடைமுறையான சிக்கல். நம்மைப் போன்றவர்கள் இதைத் திரையின் கீழே வரும் ஆங்கில வசன எழுத்துகளைப் படித்துக்கொண்டுதான் பார்க்கிறோம். கிம்மின் மாளிகையில் ஒரே நிகழ்வு மூன்று தடவை திரும்ப வருகிறது. ஒவ்வொரு தடவையும் தரையில் இருக்கும் எழுத்து மாறுகிறது, உட்கார்ந்திருப்பவன் முகம் மாறுகிறது, நடுவில் 2501 வருகிறது. மேஜர் வெளியிலிருந்து பட்டோவுக்கு அனுப்பும் சைகை அது. படத்திலேயே மிக அழகான விஷயம் என்று சொல்வேன். ஆனால் அதே நேரத்தில் கிம் மரணத்தையும் பொம்மைகளையும் பற்றி விடாமல் பேசிக்கொண்டிருப்பதால் கண் கீழே எழுத்திலேயே ஓடுகிறது. பார்க்க வேண்டியதைப் பார்க்க விடாமல் பேச்சு மறைக்கிறது. மறுபடி ஓட்டிப் பார்த்தபோதுதான் அந்த எண்ணையே கவனித்தேன். இது ஜப்பானியப் பார்வையாளருக்கு இல்லாத சிக்கல் என்று சொல்வீர்கள். ஆனால் இவ்வளவு அடர்த்தியான பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டு அதே நேரத்தில் அந்த அளவு நுணுக்கமான படத்தையும் பார்ப்பது யாருக்குமே கடினம்தான்.

தொகுசா_விசிறி:

தொகுசா பற்றிய கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. யோசிக்கவைத்துவிட்டீர்கள்.

ஆனால் பேச்சு ஏன் இப்படி ஆனது என்பதற்கு ஒரு காரணம் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது. முதல் படத்தின் திரைக்கதை கசுனோரி இத்தோ. ஒஷீயின் 'பட்லேபர் 2' படத்துக்கும் அவர்தான் எழுதினார். இன்னொசென்ஸுக்கு ஒஷீயே எழுதினார். இத்தோவின் எழுத்தில் வேலை நடந்துகொண்டே இருக்கும், தத்துவம் வேலைக்கு நடுவே வந்துபோகும். படகில் பியர் குடித்துக்கொண்டே மேஜரும் பட்டோவும் பேசும் இடத்தை நினைத்துப் பாருங்கள். அவள் எதற்காகக் கடலில் குதிக்கிறாள், மிதவை பழுதானால் என்ன ஆவாள் என்று பட்டோ ஒரு நண்பனாகக் கேட்கிறான். அங்கிருந்து பேச்சு ஆன்மா வரை போகிறது. முதலில் கவலை, அப்புறம்தான் தத்துவம். இன்னொசென்ஸில் அந்த முதல் படி பல இடங்களில் இல்லை. இவ்வளவுக்கு உங்கள் கட்சிக்கு வருகிறேன்.

கதையின் மூலம் மசமுனே ஷிரோவின் மங்கா காமிக்ஸில் உள்ள ரோபோ அத்தியாயம்தான். எளிமையான துப்பறியும் கதை. அதன்மேல் எவ்வளவு ஏற்ற முடியுமோ அவ்வளவும் ஏற்றினார். அதனாலேயே ஒஷீயின் படங்களில் மிக அந்தரங்கமானது இதுதான் என்று நினைக்கிறேன். நாய் அவருடைய சொந்த நாய், கேப்ரியல். பொம்மைகள் மேல் அவருக்கு இருந்த மோகம், ஜெர்மன் கலைஞர் ஹான்ஸ் பெல்மரின் மூட்டுப் பொம்மைகள், எல்லாமே அவர் வீட்டுக்குள்ளிருந்து வந்தவை. கான் விழாவின் போட்டிப் பிரிவில் 2004இல் ஒரு அனிமே படம் போய் நின்றதென்றால், எல்லாருக்கும் பிடிக்கும்படி எடுத்ததால் இல்லை, யாருக்காகவும் எதையும் வளைக்காததால்தான்.

ஓவியக்காரன்:

மழைச்சத்தம், மூளைக்குள் புகுந்த பிறகு ஒட்டாமல் தெரிந்தால் உங்கள் விளக்கம் செல்லும். புகுவதற்கு முன்னாலும் அப்படித்தான் தெரிகிறது, கார் வரும் காட்சியிலும் தெரிகிறது. ஆனால் ஊர்வலத்தில் என் புகார் எடுபடாது, ஒத்துக்கொள்கிறேன். அங்கே எல்லாமே பொம்மை, எல்லாமே தகடு, அதனால் கணினியின் பளபளப்பு பொருந்திப்போகிறது.

ஹாரவேயின் முகமூடி போன்ற கண்பகுதி மேலே திறக்கும் நொடியும் அப்படித்தான். அதுவரை மனிதப் பெண் என்று நினைத்துக்கொண்டிருந்தோம், ஒரே அசைவில் எல்லாம் மாறிவிடுகிறது. அந்த நொடிக்கு எந்த மேற்கோளும் தேவைப்படவில்லை பாருங்கள்.

கருவிழி:

தொகுசா_விசிறி, இத்தோ பற்றிச் சொன்னதற்கு நன்றி. நான் உணர்ந்துகொண்டிருந்ததற்குச் சரியான காரணம் அதுதான்.

என் உண்மையான கோபத்தை இன்னும் எழுதவில்லை. அது மேற்கோளைப் பற்றியது இல்லை, அந்தச் சிறுமியைப் பற்றியது.

கைனாய்டுகளைத் தயாரிக்கும் லோகஸ் சோலஸ் நிறுவனத்தின் தொழிற்சாலைக் கப்பலுக்குள் பட்டோ போய்ச் சேர்கிறான். மேஜர் செயற்கைக்கோள் வழியாக ஒரு கைனாய்டு உடம்பில் இறங்கி வந்து அவனோடு சண்டை போடுகிறாள். அந்தச் சண்டையைப் பற்றிப் புகாரே கிடையாது. இரண்டு பேரும் ஒருவர் முதுகை ஒருவர் காப்பதைப் பார்த்தால் நடுவில் இத்தனை வருடம் பிரிந்திருந்தார்கள் என்றே தோன்றாது. பிறகுதான் உண்மை தெரிகிறது. கடத்திக்கொண்டு வந்த சிறுமிகளின் ஆன்மாவை நகல் எடுத்துக் கைனாய்டுகளுக்குள் ஊற்றியிருக்கிறார்கள். அதனால்தான் அந்தப் பொம்மைகளுக்கு உயிர்க்களை. யாராவது வந்து தங்களைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காகத்தான் அந்தச் சிறுமிகளின் தரப்பிலிருந்து பொம்மைகளைக் கொலை செய்யவைத்திருக்கிறார்கள்.

பட்டோ அந்தச் சிறுமியைப் பார்த்துக் கத்துகிறான். செத்தவர்களை நினைத்தாயா, ஆன்மா கொடுக்கப்பட்டு அழிந்த பொம்மைகளை நினைத்தாயா என்று. அவள் அழுதுகொண்டே, தான் பொம்மையாக விரும்பவில்லை என்று அலறுகிறாள். படம் முழுக்க யார் யாரோ பொம்மைகளைப் பற்றிப் பேசினார்கள். பொம்மையாக்கப்பட இருந்தவள் பேசுவது இந்த ஒரே இடத்தில். அவள் சொன்னது எந்த நூலிலும் இல்லாத வரி. பட்டோவின் கோபமும் யாரிடமிருந்தும் கடன் வாங்கியதில்லை. இரண்டு பேருமே நியாயம் பேசுகிறார்கள், இரண்டும் ஒன்றோடொன்று மோதுகிறது.

ஒஷீ அதைச் சில நொடிகளில் கடந்துபோய்விடுகிறார்! மேஜர் பொம்மைகளின் பக்கம் நின்று ஒரு வாக்கியம் சொல்கிறாள், அவ்வளவுதான். சிறுமியின் பெயர்கூட நமக்கு மனசில் நிற்பதில்லை. அவள் எங்கிருந்து வந்தாள், அந்தப் பெட்டிக்குள் என்ன நினைத்துக்கொண்டு கிடந்தாள்? ஒன்றும் தெரியாது. கிம்முக்கு ஒரு மாளிகையே கொடுத்தார்கள், இவளுக்கு ஒரு அலறல். பெண் குழந்தைகளைக் கடத்தி விற்கும் நிறுவனத்தைப் பற்றிய கதையில் குழந்தைக்கு இருக்கும் இடம் இவ்வளவுதானா? இது எனக்கு ரசனை சம்பந்தப்பட்ட விஷயமாகத் தெரியவில்லை. பொம்மைகளுக்காக இரங்குவதில் மூழ்கி, படம் ஒரு குழந்தையைக் கைவிட்டுவிட்டது.

இதற்கு அடுத்து வருவதுதான் எனக்கு மிகப் பிடித்த இடம். அதனால்தான் இந்தப் படத்தை வெறுக்கவும் முடியவில்லை. பட்டோ தன் மேல்சட்டையைக் கழற்றி அந்தக் கைனாய்டு உடம்பின் மேல் போர்த்துகிறான். முதல் படத்திலும் இதையே செய்வான், தண்ணீரில் சண்டை முடிந்து மேஜர் நிற்கும்போது. அவளுக்குக் குளிரவும் போவதில்லை, வெட்கமும் இல்லை. அவனுக்குத்தான் போர்த்தாமல் இருக்க முடியாது. இப்போது அது அவள் உடம்பே இல்லை, தொழிற்சாலையில் அச்சடித்த நூற்றுக்கணக்கில் ஒன்று. ஆனாலும் போர்த்துகிறான். இப்போது சந்தோஷமாக இருக்கிறாயா என்று கேட்கிறான். சந்தோஷம் என்ற அளவுகோலே அவளுக்குப் பழைய ஞாபகமாகிவிட்டது. நீ வலைக்குள் வரும்போதெல்லாம் நான் பக்கத்தில் இருப்பேன் என்று சொல்லிவிட்டுப் போகிறாள், உடம்பு மட்டும் சரிந்து விழுகிறது.

மழைச்சத்தம்:

கருவிழி, சிறுமியைப் பற்றி நீங்கள் எழுதியதை முழுக்க ஏற்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கடைசியில் தொகுசா மகளுக்குப் பொம்மை வாங்கி வருகிறான், நாயைத் தூக்கிக்கொண்டு பட்டோ அந்தப் பொம்மையைப் பார்க்கிறான். கப்பலில் அலறிய குழந்தையை நினைத்துக்கொண்டுதான் அப்படிப் பார்க்கிறான் என்று நான் எடுத்துக்கொண்டேன். ஒஷீ அவளை மறந்திருக்கலாம், பட்டோ மறக்கவில்லை.

கருவிழி:

அப்படிப் பார்த்தால் அந்த முடிவு எனக்கு இன்னும் வலிக்கிறது. ஆனாலும் அது நீங்களாகச் சேர்த்துக்கொண்டது, படம் அதைச் சொல்லவில்லை. அந்தப் பார்வையில் குழந்தைக்கும் பொம்மைக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அவன் தேடுகிறான் என்று இன்னொருவர் சொன்னால் மறுக்க முடியாது.

பதினோராம்_சந்து:

அப்படியானால் இந்த வாரக் கடைசியில் பார்க்கிறேன். முதல் படத்தை மறுபடி போட்டுவிட்டு அதே இரவில் தொடரலாம் என்று இருக்கிறேன்.

கருவிழி:

அதே இரவில் வேண்டாம். இரண்டாவது படத்துக்கு நூறு நிமிடம் தெளிவான மூளை வேண்டும். ஜப்பானில் வெறும் 'இன்னொசென்ஸ்' என்ற பெயரில்தான் வெளியிட்டார்கள், இரண்டு என்ற எண்ணே இல்லை. தனிப் படமாக நினைத்தே உட்காருங்கள். 2501 என்ன என்பதை மட்டும் மறக்காமல் இருந்தால் போதும். ஊர்வலக் காட்சிக்கு நல்ல ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். முதல் படத்தைப் பார்க்கும்போது 2.0 பதிப்பைத் தொடவே தொடாதீர்கள், ஓவியக்காரன் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. பார்த்துவிட்டு அந்தச் சிறுமியைப் பற்றி என்ன நினைத்தீர்கள் என்று இங்கேயே எழுதுங்கள்.